எந்தக் கப்பல் என்பதற்கு முன், எந்த ‘நாம்’?

தீபாவளி முடிந்ததும் மும்பை, புனே, சூரத், அகமதாபாத் போன்ற மேற்கிந்திய நகரங்களின் வசதியுள்ள குடும்பங்களில் குளிர்கால விடுமுறை பற்றிய பேச்சு தொடங்கிவிடும். அண்மைக் காலமாக அப்பேச்சில் சொகுசுக் கப்பலும் இடம்பெறுகிறது. மலை வாசஸ்தலம் என்றால் பாட்டிக்கு ஏற்ற இறக்கம் ஒத்துக்கொள்ளாது. பல ஊர்ச் சுற்றுலா என்றால் தினமும் பெட்டியைக் கட்டி அவிழ்க்க வேண்டும். கப்பலிலோ அறையும் உணவும் கூடவே வருகின்றன. மூன்று தலைமுறையும் ஒரே கூரையின்கீழ் இருக்கலாம். இந்த நியாயத்தில் பிழை ஏதுமில்லை. பிழை அடுத்த கட்டத்தில் நேர்கிறது. போவது என்று முடிவானவுடன் கைபேசியில் இரண்டு மூன்று கப்பல்களின் படங்கள் திறக்கப்படுகின்றன. எதில் நீர்ச்சறுக்கு உண்டு, எதில் எத்தனை உணவகங்கள், ஓர் இரவுக்கு எவ்வளவு என்று ஒப்பீடு நடக்கிறது. 45 வயதுக்காரர் கணக்குப் பார்க்கிறார். 14 வயதுப் பிள்ளை வாக்களிக்கிறது. 74 வயதுப் பாட்டியிடம் முடிவு தெரிவிக்கப்படுகிறது.

இந்த வரிசை தலைகீழானது. மூன்று தலைமுறைப் பயணத்துக்கான கப்பலைத் தேர்வது, அக்குடும்பத்தில் நடமாட்டம் மிகக் குறைந்தவரின் ஒரு நாள் கப்பலில் எப்படிக் கழியும் என்ற கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும். மற்றவர்களின் விருப்பங்களை அதன்மேல் அடுக்கலாம். மற்றவர்களின் விருப்பங்களை முதலில் அடுக்கிவிட்டு, எஞ்சிய இடத்தில் முதியவரை அமர்த்தினால், அவர் பயணியாக வருவதில்லை. பயணப் பெட்டிகளுள் ஒன்றாக வருகிறார்.

மராத்தியில் தன்மைப் பன்மைக்கு இரண்டு சொற்கள் உண்டு. கேட்பவரையும் உள்ளடக்கினால் ‘ஆபண்’; அவரை விலக்கினால் ‘ஆம்ஹீ’. குஜராத்தியில் முறையே ‘ஆப்ணே’, ‘அமே’. தமிழின் ‘நாம்’, ‘நாங்கள்’ என்பவற்றுக்கு இவை நிகர். இந்தியில் இரண்டுக்கும் ‘ஹம்’ என்ற ஒரே சொல்தான். மேற்கிந்தியாவின் இந்தோ-ஆரிய மொழிகளில் இவ்வேறுபாடு காணப்படுவது திராவிட மொழித் தொடர்பின் விளைவு என்று மொழியியலாளர் பலர் கருதுகின்றனர். எனவே புனேயில் ஒரு மகன் தம் தாயிடம் கப்பலில் போகலாம் என்று சொல்லும்போது இயல்பாக ‘ஆபண்’ என்றே சொல்வார். இலக்கணப்படி தாய் அந்தப் பன்மைக்குள் இருக்கிறார். ஆனால் எந்தக் கப்பல், எந்த அறை, எத்தனை நாள் என்று தீர்மானித்த பேச்சு நிகழ்ந்தது ‘ஆம்ஹீ’க்குள். சொல் உள்ளே சேர்த்த ஒருவரைச் செயல் வெளியே நிறுத்த முடியும் என்பதற்கு இதைவிட எளிய சான்று தேவையில்லை.

பேச்சு அருவமாகப் போய்விடாதிருக்க ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். புனேயில் வசிக்கும் பாட்டிக்கு வயது 74. கணவரை இழந்தவர். முழங்கால் தேய்மானம், இரத்த அழுத்தம். இரவில் இரண்டு முறை எழுந்திருப்பார். மகன், மருமகள், 14 வயதுப் பேத்தி, 6 வயதுப் பேரன். மொத்தம் ஐவர். அவர்கள் முன் மூன்று வகைக் கப்பல்கள் இருக்கின்றன.

முதலாவது, மும்பையிலிருந்தே புறப்படும் நடுத்தரக் கப்பல். கார்டீலியா நிறுவனம் 2021 செப்டம்பரில் மும்பையிலிருந்து இயக்கத் தொடங்கிய ‘எம்ப்ரஸ்’ இதற்கு எடுத்துக்காட்டு. 1990இல் கட்டப்பட்டு, நீண்ட காலம் அமெரிக்க நிறுவனமொன்றின் கீழ் ஓடிய கப்பல் அது. நீளம் சுமார் 211 மீட்டர். அறைக்கு இருவர் என்று கணக்கிட்டால் சுமார் 1,600 பயணிகள். கோவா, கொச்சி, லட்சத்தீவு ஆகியவை இதன் வழக்கமான தடங்கள்.

இரண்டாவது, சிங்கப்பூரிலிருந்து புறப்படும் பெருங்கப்பல். இந்தியக் குடும்பங்கள் அதிகம் நாடும் ‘ஜென்டிங் டிரீம்’ 2016இல் கட்டப்பட்டது. நீளம் சுமார் 335 மீட்டர், அறைக்கு இருவர் கணக்கில் சுமார் 3,350 பயணிகள். மூன்றாவது, ஆற்றுக் கப்பல். 2023 ஜனவரி 13 அன்று வாரணாசியிலிருந்து தொடங்கிவைக்கப்பட்ட ‘கங்கா விலாஸ்’ வங்கதேசம் வழியாக அசாமின் திப்ருகர் வரை சுமார் 3,200 கிலோமீட்டரை 51 நாளில் கடந்தது. 62 மீட்டர் நீளம், 18 அறைகள், 36 பயணிகள். அவ்வளவு நீண்ட பயணம் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்குப் பொருந்தாது. ஆனால் கொல்கத்தாவிலிருந்து முர்ஷிதாபாத் பக்கம் ஹூக்ளியில் செல்லும் சில நாள் பயணங்களும் உண்டு.

விளம்பரங்கள் கப்பலின் அளவைப் பெருமையாகச் சொல்கின்றன. அந்த எண்களைப் படிக்கத் தெரிந்துகொள்வது நல்லது. எம்ப்ரஸ் 48,563 டன், ஜென்டிங் டிரீம் 150,695 டன் என்று சொல்லும்போது அந்த டன் எடையைக் குறிப்பதில்லை. 1969ஆம் ஆண்டின் பன்னாட்டு ஒப்பந்தப்படி, கப்பலின் மூடப்பட்ட உள்ளிடத்தின் கனஅளவிலிருந்து கணக்கிடப்படும் எண் அது. அதைப் பயணிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒருவருக்கு எவ்வளவு இடம் என்பது ஏறத்தாழத் தெரியும். முதல் கப்பலில் அது சுமார் 30. இரண்டாவதில் சுமார் 45. அதாவது, இரு மடங்குக்கும் மேற்பட்ட பயணிகள் ஏறியும் பெரிய கப்பலில் தலைக்கு ஒன்றரை மடங்கு இடம் இருக்கிறது. பெரிய கப்பல் என்றால் நெரிசல், சிறிய கப்பல் என்றால் அமைதி என்ற பொதுக்கருத்து இந்த எளிய வகுத்தலில் ஆட்டம் காண்கிறது.

முதியவர்களுக்குச் சிறிய கப்பலே நல்லது என்பது கேட்க இனிமையான கருத்து. முழு உண்மையன்று. பெரிய கப்பல் அதே அலையில் பொதுவாகக் குறைவாக ஆடும். அதில் லிஃப்டுகள் அதிகம். சக்கர நாற்காலிக்கேற்ற அறைகளும் அதிகம். மருத்துவப் பிரிவும் பெரும்பாலும் வசதி மிக்கது. ஆனால் பெரிய கப்பல் வேறொரு விலை கேட்கிறது. 335 மீட்டர் நீளக் கப்பலில் அறை முன்முனையிலும் உணவுக்கூடம் பின்முனையிலும் அமைந்துவிட்டால், இடையில் 200 மீட்டருக்கும் மேல் நடக்க வேண்டியிருக்கும். மூன்று வேளையும் போய்வரக் குறைந்தது 1,200 மீட்டர். தேய்ந்த முழங்காலுக்கு அது சிறு தொலைவன்று. இரண்டாம் நாளே பாட்டி “எனக்குப் பசிக்கவில்லை, நீங்கள் போய்வாருங்கள்” என்பார். அவருக்கு உண்மையிலேயே பசியில்லை என்று எல்லோரும் நம்பிவிடுவார்கள்.

ஆகவே கப்பலின் பெயரைவிட அறையின் இடம் முதன்மையானது. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் ஆட்டம் குறைவு. லிஃப்டுக்கு அருகில் என்றால் நடையும் குறைவு. மேல்தளத்துப் பால்கனி அறைக்குச் செலவிடும் பணத்தை நடுக்கப்பல் அறைக்குச் செலவிடுவது மூன்று தலைமுறைக் குடும்பத்துக்கு அறிவுடைமை. குளியலறையையும் கேட்டறிய வேண்டும். கப்பல்களில் சாதாரண அறைகளின் குளியலறை வாசலில் பெரும்பாலும் உயர்ந்த நிலைப்படி இருக்கும். தண்ணீர் வெளியே வராமலிருக்க வைக்கப்பட்ட அந்தப் படி, அரைத்தூக்கத்தில் எழுந்து செல்லும் முதியவரை வீழ்த்தப் போதுமானது. படியற்ற குளியலறையுள்ள அறைகள் ஒவ்வொரு கப்பலிலும் எண்ணிக்கையில் குறைவு, முன்னதாகவே தீர்ந்துவிடும். கடைசி நேரத் தள்ளுபடிக்காகக் காத்திருக்கும் குடும்பம் அந்த அறையை இழக்கிறது. மிச்சமான பணத்தைப் பாட்டியின் இடுப்பெலும்பை அடகு வைத்துத்தான் ஈட்டியிருக்கிறது.

அறைக் கட்டணத்தின் இலக்கணமும் கவனிக்கத்தக்கது. கப்பல் கட்டணம் ஓர் அறையில் இருவர் என்ற அனுமானத்தில் சொல்லப்படுகிறது. ஒருவர் தனியாக ஓர் அறை எடுத்தால் ஏறத்தாழ இருவர் கட்டணம் கேட்கும் வழக்கம் பரவலாக உள்ளது. துணையை இழந்த முதியவருக்கு இது மௌனமாக விதிக்கப்படும் தண்டம். ஆகவே ஐவரைக் கொண்ட நம் கற்பனைக் குடும்பம் பாட்டியையும் பேத்தியையும் ஓர் அறையில் சேர்க்கும். இது நல்ல ஏற்பாடாகவும் அமையலாம், இருவருக்கும் சிறையாகவும் மாறலாம். இரவு 12 மணிக்குத் திரும்ப விரும்பும் 14 வயதுக்காரியும், 9 மணிக்கு விளக்கணைக்க விரும்பும் 74 வயதுக்காரரும் ஒப்பந்தம் ஏதுமின்றி ஓரறையில் அடைக்கப்பட்டால் மூன்றாம் நாள் மனக்கசப்பு உறுதி. இரு அறைகளுக்கும் இடையே உட்கதவு உள்ள இணையறைகள் கிடைக்குமானால் அவற்றுக்கே முன்னுரிமை. மடக்கு மேல்படுக்கையில் ஏறுவது பேரனுக்கு விளையாட்டு. அவன் படுக்கும் அறையில் பெற்றோர் இருக்கட்டும்.

அடுத்தது கரை இறங்குதல். கப்பல் எங்கே போகிறது என்று குடும்பங்கள் பார்க்கின்றன. அங்கே எப்படி இறக்கிவிடுகிறது என்று பார்ப்பதில்லை. கோவாவின் மர்மகோவா துறைமுகத்தில் கப்பல் மேடையை ஒட்டி நிற்கும். சாய்பாலத்தில் நடந்து இறங்கலாம். லட்சத்தீவில் பெரிய கப்பல்கள் பவளக் காயலுக்குள் நுழைய முடியாது. வெளியே கடலில் நின்று, பயணிகளைச் சிறு படகுகளுக்கு மாற்றும். கப்பலும் படகும் வெவ்வேறு தாளத்தில் ஏறி இறங்கும்போது, பணியாளரின் கையைப் பற்றிக்கொண்டு ஒரே எட்டில் தாவ வேண்டும். இளையோருக்கு அது நினைவில் நிற்கும் அனுபவம். முழங்கால் தேய்ந்தவருக்கு அது இயலாத காரியம். சக்கர நாற்காலியில் இருப்பவரை அலை கண்டு மறுத்துவிடவும் கூடும். லட்சத்தீவுப் பயணத்தின் மையமே அந்தத் தீவில் கால் பதிக்கும் ஒரு நாள்தான். அந்த நாளில் பாட்டி கப்பலில் தனியே அமர்ந்து, மற்றவர்கள் எடுத்துவரும் படங்களுக்காகக் காத்திருப்பார். அதைத் தெரிந்தே அவர் ஒப்புக்கொண்டிருந்தால் குறையில்லை. தீவை வேடிக்கை பார்த்தபடி கப்பலில் ஓய்வெடுப்பதை விரும்பும் முதியவர்களும் உண்டு. தெரியாமல் வந்து, படகின் விளிம்பில் நின்று, எல்லோர் முன்னிலையிலும் பின்வாங்க நேர்வதுதான் கொடுமை.

சிங்கப்பூர்ப் பெருங்கப்பலில் இந்தச் சிக்கல் குறைவு. பினாங்கு போன்ற துறைமுகங்களில் மேடையிலேயே இறங்கலாம். ஆனால் கப்பல் ஏறுவதற்கு முன்பே ஐந்து மணி நேரத்துக்கும் மேற்பட்ட விமானப் பயணம், அதற்கு முந்தைய இரவின் தூக்கமின்மை, கடவுச்சீட்டு வரிசைகள் ஆகியவை பாட்டியின் கணக்கில் சேர்கின்றன. கப்பல் மலேசியாவுக்குப் போய்த் திரும்பும்போது சிங்கப்பூருக்குள் மறுபடியும் நுழைய வேண்டும் என்பதால், விசா பலமுறை நுழைய அனுமதிப்பதா என்றும் பார்க்க வேண்டும். கங்கைக் கப்பலிலோ அலையே இல்லை, குமட்டல் இல்லை, கரை எப்போதும் கண்ணெதிரே இருக்கும். மாறாக, அங்கே கரை என்பது பெரும்பாலும் படித்துறை. வாரணாசியின் செங்குத்தான படிகளைக் கண்டவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. முப்பது சொச்சம் பயணிகள் உள்ள கப்பலில் 6 வயதுச் சிறுவனுக்கு ஒத்த வயதுத் தோழன் கிடைப்பதும் அரிது. அவன் சலிப்பைப் போக்கும் பொறுப்பு யாருக்கு வந்து சேரும் என்பது எல்லாக் குடும்பத்துக்கும் தெரிந்ததே.

குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பணிதான் இவ்விவாதத்தில் யாரும் வாய்திறந்து பேசாத பகுதி. இந்தியக் குடும்பங்களில் பாட்டியை அழைத்துச் செல்வதற்குப் பாசம் ஒரு காரணம்; இரவில் பிள்ளைகளை விட்டுவிட்டுச் செல்ல ஓர் ஆள் தேவை என்பது சொல்லப்படாத மற்றொரு காரணம். வீட்டில் ஆண்டு முழுவதும் செய்த வேலையையே அவர் கடலின் நடுவிலும் செய்தால், விடுமுறை யாருக்கு? பெருங்கப்பல்களில் பெரும்பாலும் 3 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கெனப் பயிற்சி பெற்ற பணியாளர்கள் நடத்தும் விளையாட்டுக் கூடங்கள் உண்டு. அவை பெற்றோருக்கான வசதி என்று விளம்பரப்படுத்தப்படுகின்றன. உண்மையில் பாட்டிக்கான விடுதலையும் அவையே. அக்கூடம் எத்தனை மணிவரை திறந்திருக்கும், இரவில் தனிக்கட்டணம் உண்டா என்று கேட்பது நீர்ச்சறுக்கின் உயரத்தைக் கேட்பதைவிடப் பயனுள்ளது.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பெருங்கப்பல் ஒவ்வொரு வயதினருக்கும் ஒவ்வோர் இடம் ஒதுக்குகிறது. சிறுவன் கூடத்தில், சிறுமி நீர்விளையாட்டில், தந்தை உடற்பயிற்சிக் கூடத்தில், தாய் அழகு நிலையத்தில், பாட்டி அறையில். எல்லோரும் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள். யாரும் சேர்ந்து இருப்பதில்லை. தலைமுறைகளைச் சேர்ப்பதற்காக எடுத்த பயணம் அவற்றை வயதுவாரியாகப் பிரித்து அடுக்கிவிடுகிறது. இதற்கு எளிய மருந்து உண்டு. நாளில் ஒரு வேளை, பெரும்பாலும் இரவு உணவு, ஐவரும் ஒரே மேசையில். அந்த மேசையின் நேரத்தைப் பாட்டியின் பசி தீர்மானிக்கட்டும். நிர்ணயித்த இரு பந்திகளாக இரவு உணவு பரிமாறும் கப்பல்களில் முதல் பந்தியைக் கேட்டுப் பெறலாம். சூரியன் மறையுமுன் உண்ணும் ஜைன முதியவர் இருந்தால், எந்த மணியிலிருந்து உணவு கிடைக்கும் என்பதே கப்பலைத் தீர்மானிக்கும் கேள்வியாகிறது. ஜைன உணவு பட்டியலில் இருந்தால் போதாது. அது உரிய நேரத்திலும் வர வேண்டும்.

மொழி இன்னொரு வாசல். கப்பலின் பெயர்ப்பலகைகள், அன்றாட நிகழ்ச்சி நிரல், அவசர அறிவிப்பு ஆகியவை பெரும்பாலும் ஆங்கிலத்தில். மும்பைக் கப்பல்களில் இந்தியும் சேரும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், தாய்மொழியாகவோ இரண்டாம், மூன்றாம் மொழியாகவோ ஆங்கிலத்தைக் குறிப்பிட்டவர்கள் நாட்டு மக்களில் சுமார் 10 விழுக்காட்டினரே. பல கப்பல்களில் நிகழ்ச்சி நிரலும் உணவக முன்பதிவும் கைபேசிச் செயலிக்குள் போய்விட்டன. தொடுதிரையும் ஆங்கிலமும் அறியாத ஒருவர், தம் அறை எண்ணைச் சொல்லி வழிகேட்கவும் தயங்கும் ஒருவர், அந்த மிதக்கும் நகரத்தில் எழுத்தறிவை இழந்தவராகிறார். ஊரில் சந்தைக்கும் கோயிலுக்கும் தனியே போய்வந்தவர், கப்பலில் பேத்தியின் துணையின்றி நகர முடியாதவராகிறார். நீளம் குறைந்த, இந்தி புழங்கும் கப்பல் இந்த இடத்தில் பெருங்கப்பலை வெல்கிறது. எந்தக் கப்பலானாலும், முதல் நாள் மாலையில் பேத்தி பாட்டியின் கையைப் பிடித்து, அறையிலிருந்து உணவுக்கூடத்துக்கும், அங்கிருந்து காற்றாட அமரும் தளத்துக்கும் மூன்று முறை நடத்திக் காட்டினால், மீதி நாள்களில் அவர் தனியே போய்வருவார். அந்தத் தனிநடைதான் அவருக்கு விடுமுறை.

பாதுகாப்பு பற்றியும் இதே கோணத்தில் சிந்திக்கலாம். 2012 ஜனவரி 13 இரவு இத்தாலியின் ஜிக்லியோ தீவருகே ‘கோஸ்டா கன்கார்டியா’ பாறையில் மோதிச் சாய்ந்ததில் 32 பேர் இறந்தனர். அன்று மாலை ஏறிய பயணிகள் பலருக்கு அவசரகாலப் பயிற்சி அதுவரை நடத்தப்பட்டிருக்கவில்லை. அதன் பின்னர் பன்னாட்டு விதி திருத்தப்பட்டு, 2015 முதல், புறப்படுமுன் அல்லது புறப்பட்ட உடனேயே பயிற்சி நடத்துவது கட்டாயமானது. அவசர நேரத்தில் லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது. ஆகவே அறைக்கும் ஒன்றுகூடும் இடத்துக்கும் இடையே எத்தனை மாடிப் படிகள் என்பது பாட்டியின் அறையைத் தேர்வதற்கான மற்றோர் அளவுகோல். கப்பல் மருத்துவமனையின் கட்டணத்தை வீட்டில் எடுத்த மருத்துவக் காப்பீடு ஏற்குமா என்பதையும், ஏற்கெனவே உள்ள நோய்களைப் பயணக் காப்பீடு விலக்கியிருக்கிறதா என்பதையும் பணம் கட்டுமுன் படிக்க வேண்டும். பருவமும் முக்கியம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் அரபிக்கடல் கொந்தளிக்கும். பள்ளி விடுமுறையை ஒட்டி ஜூன் தொடக்கத்தைத் தேர்வது நல்லதன்று. கடற்குமட்டல் முதியவர்களைவிட, ஏறத்தாழ 2 முதல் 12 வயது வரையிலான பிள்ளைகளையே அதிகம் தாக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆட்டம் குறைந்த அறை பாட்டியின் பெயரால் எடுக்கப்பட்டாலும் பேரனுக்கும் உதவும்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். முதியவர்களைக் கேட்டால் “உங்கள் விருப்பம்” என்றுதானே சொல்கிறார்கள்; கேட்டும் பயனில்லையே? உண்மைதான். ஆனால் அந்த விடை எந்தக் கேள்விக்கு வந்தது என்று பார்க்க வேண்டும். “கப்பலில் வருகிறீர்களா?” என்பது வடிவத்தில் வினா, பயனில் அறிவிப்பு. முன்பணம் கட்டிய பிறகு அதற்கு மறுப்பு சொல்வது பிள்ளைகளின் மகிழ்ச்சியைக் கெடுப்பதாகும் என்பதைக் கேட்கப்பட்டவர் அறிவார். ஆம், இல்லை என்ற இரண்டு விடைகளுள் ஒன்றை நாகரிகம் ஏற்கெனவே பறித்துக்கொண்டது. எஞ்சியிருப்பது ஒப்புதல் போலத் தோன்றும் பணிவு. பேச்சுப் பயன்பாட்டை ஆராய்பவர்களுக்கு இது பழகிய நிகழ்வு: முகத்தைக் காக்கும் விடையை உள்ளக்கிடக்கை என்று எடுத்துக்கொள்வது கேட்பவரின் வசதி.

கேள்வியை மாற்றினால் விடை மாறும். “காலையில் எத்தனை மணிக்குத் தேநீர் வேண்டும்? கடலைப் பார்த்து உட்காரப் பிடிக்குமா, ஆள்களைப் பார்த்து உட்காரவா? படகில் ஏறி இறங்க முடியுமா? ஒரு நாள் நாங்கள் வெளியே போனால் தனியே இருப்பது பிடிக்குமா, பயமா?” இவற்றுக்கு ‘உங்கள் விருப்பம்’ என்று விடை சொல்ல முடியாது. இத்தகைய கேள்விகள் எதிர்பாராததையும் வெளிக்கொணரும். கொங்கண் கரையோரமாக மும்பையிலிருந்து கோவா வரை துறைதுறையாக நின்று சென்ற பயணிகள் கப்பல்கள் கடந்த நூற்றாண்டில் பல பத்தாண்டுகள் ஓடின. ரத்னகிரிப் பக்கத்துத் தாய்வீட்டுக்கு அப்படிப்பட்ட கப்பலில், தளத்தில் பாய் விரித்து, சிறுமியாகப் போன நினைவு அந்தப் பாட்டிக்கு இருக்கக்கூடும். அவருக்கு வேண்டியது சிங்கப்பூரின் ஒளி வெள்ளமாக இல்லாமல், அதே கரையை மறுபடியும் கடலிலிருந்து பார்ப்பதாக இருக்கலாம். நேர்மாறாகவும் இருக்கலாம்: வாழ்நாள் முழுவதும் கடவுச்சீட்டே எடுக்காதவர், ஒருமுறையேனும் வெளிநாடு பார்க்க வேண்டும் என்ற ஆசையை யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கலாம். முதியவர் என்பதாலேயே அவருக்கு அமைதியும் கோயிலும் மட்டுமே வேண்டும் என்று முடிவு கட்டுவதும் ஒருவகை விலக்கலே.

2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் ஆகியவற்றைப் பிள்ளைகளின் கடமையாக வரையறுக்கிறது. தேவையான சட்டம். ஆனால் எந்தச் சட்டமும் ஒருவரின் விருப்பத்தைக் கேட்டறியும் கடமையை விதிக்க முடியாது. விருப்பம் கேட்கப்படாமல் எல்லா வசதியும் பெறும் முதுமை இன்றைய வசதியுள்ள வீடுகளின் தனிச்சிறப்பாகி வருகிறது. விடுமுறைக் கப்பல் ஓர் ஆடம்பரம்; அதைப் பற்றி இவ்வளவு கவலை வேண்டுமா என்று கேட்கலாம். மருத்துவமனையையோ வீடு மாறுவதையோ தேர்ந்தெடுக்கும்போது அவசரமும் அச்சமும் குறுக்கிடும். அப்போது புதிதாகக் கேட்கப் பழக முடியாது. அவசரமில்லாத, தோற்றாலும் பெரிய நட்டமில்லாத விடுமுறையில்தான் அந்தப் பழக்கத்தைத் தொடங்க முடியும்.

நம் கற்பனைக் குடும்பத்துக்கு ஒரு தீர்ப்பும் சொல்லியாக வேண்டும். பாட்டியிடம் வேறு விருப்பம் இல்லையென்றால், முதல் பயணம் மும்பையிலிருந்து கோவா சென்று திரும்பும் இரண்டு அல்லது மூன்று இரவுப் பயணமாக இருக்கட்டும். விமானம் இல்லை, விசா இல்லை, படகுத் தாவல் இல்லை. ஒத்துக்கொள்ளவில்லை என்றால் இரண்டே நாளில் வீடு. வார இறுதிக் குறும்பயணங்களில் இளையோர் கூட்டமும் இரவு இசையும் மிகுதி என்பதால் வாரநாள் புறப்பாடு நல்லது. டிசம்பர் இறுதியைத் தவிர்த்து ஜனவரி, பிப்ரவரியில் கிடைக்கும் விடுமுறையைப் பயன்படுத்தலாம். நடுக்கப்பலில், லிஃப்டுக்கு அருகில் இரண்டு அறைகள். அது இனிதாக அமைந்தால், அடுத்த ஆண்டு சிங்கப்பூர்ப் பெருங்கப்பல். அதிலும் படியற்ற குளியலறையுள்ள அறையை முதலில் உறுதிசெய்த பிறகே நாள் குறிக்க வேண்டும். லட்சத்தீவு பெற்றோரும் பிள்ளைகளும் மட்டும் போகும் பயணமாக இருக்கலாம்; அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எல்லாப் பயணத்திலும் எல்லோரும் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயமும் யாருக்கும் நன்மை செய்வதில்லை.

முன்பணம் கட்டுவதற்கு முந்தைய நாள், கப்பலின் தள வரைபடத்தைப் பெரிதாக அச்செடுத்துப் பாட்டியின் மடியில் விரித்து, அறை எங்கே, உணவு எங்கே, நாற்காலி எங்கே என்று மராத்தியில் விளக்கலாம். அவர் மூக்குக்கண்ணாடியை எடுத்துவரச் சொல்லி, விரலை வைத்து “இந்த அறை வேண்டாம், இது தள்ளி இருக்கிறது” என்று சொல்வாரானால், அந்தக் குடும்பம் பணத்தைக் கட்டலாம்.